அலையை எண்ணிவிட்டு ஷட்டரைத் திறவுங்கள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் புகைப்படப் போட்டிக்கு நடுவர்களுள் ஒருவனாக இருந்தேன். பாகூர்ப் பக்கத்துக் கடற்கரையில் விடியற்காலையில் எடுத்த படம் ஒன்று எங்கள் எல்லோரையும் கவர்ந்தது. வானம் செம்பொன் நிறம். கடல் அலையே இல்லாமல் பால் ஊற்றி வைத்ததுபோல் இருந்தது. கரையில் ஏற்றி வைத்த ஒரு படகு மட்டும் தனியே நின்றது. அந்தப் படத்துக்கே முதல் பரிசு கொடுத்தோம்.

பரிசளிப்பு முடிந்த பிறகு, மீனவக் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றிருந்தார். பிறகு என்னிடம், "சார், இந்த நேரத்துல எங்க கரை முழுக்க ஆள் இருக்கும். படகு தள்ளுவாங்க, வலை ஏத்துவாங்க. இதுல ஒருத்தர்கூட இல்லையே!" என்றார்.

படம் எடுத்தவரை அழைத்துக் கேட்டோம். "ஆட்கள் இருந்தார்கள், சார். ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைத்தேன். எல்லோரும் மறைந்துவிட்டார்கள்" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அன்று முதல் இதைப்பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் என்பது அழகுக்காகத் திருகும் ஒரு குமிழ் அன்று. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று நாம் எடுக்கும் முடிவு அது. அந்த முடிவைக் கணக்குப் போட்டு எடுத்தால் படமும் நன்றாக வரும், உண்மையும் கெடாது. எப்படி என்று பார்ப்போம்.

மறைந்தவர்கள் எங்கே போனார்கள்?

ஷட்டர் 120 விநாடி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படகைச் சுற்றி நடக்கிறார். படத்தின் ஓர் இடத்தை அவர் உடல் மறைப்பது ஒரு விநாடி மட்டுமே. மீதி 119 விநாடியும் அந்த இடத்தில் பின்னால் உள்ள மணலின் ஒளிதான் விழுகிறது. ஆக, அந்த இடத்தில் அவருடைய பங்கு 120-இல் ஒன்று. கண்ணுக்கு அது தெரியாது. அசையாத படகுக்கோ 120 பங்கும் முழுமையாகக் கிடைக்கிறது.

இது புதிய செய்தி அன்று. 1838-இல் பாரிஸ் நகரில் லூயி டாகேர் என்பவர் தம் வீட்டுச் சன்னல் வழியே ஒரு கடைத்தெருவைப் படமெடுத்தார். அன்றைய தகடுகளுக்குச் சில நிமிட ஒளி தேவைப்பட்டது. வண்டியும் மக்களுமாக நிறைந்திருந்த அந்தத் தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. பாதணிக்கு மெருகு போட்டுக்கொள்ளக் காலைத் தூக்கி வைத்து அசையாமல் நின்ற ஒரு மனிதர் பதிந்திருக்கிறார். நின்றவர் வரலாற்றில் இடம்பெற்றார்; நடந்தவர்கள் மறைந்தார்கள். டாகேருக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

நம் கடல் கிழக்கே இருக்கிறது

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். புதுச்சேரிப் பகுதிக் கடற்கரை கிழக்கு நோக்கியது. மணப்பட்டிலோ மூர்த்திக்குப்பம் புதுக்குப்பத்திலோ நின்றால் சூரியன் கடலிலிருந்து எழுவதைக் காணலாம். கடலில் மறைவதைக் காண முடியாது. அது உங்கள் முதுகுக்குப் பின்னால், தென்னைகளுக்கும் வயல்களுக்கும் அப்பால் மறையும்.

அப்படியானால் மாலையில் கடற்கரைக்குப் போவது வீணா? இல்லவே இல்லை. சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கே கடலின் விளிம்பைக் கவனியுங்கள். சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று மெல்ல எழும்; அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று இருக்கும். அந்த நீலப் பட்டை வேறொன்றுமில்லை. நாம் நிற்கும் இந்தப் பூமியின் நிழலே காற்றுமண்டலத்தின்மீது விழுந்திருக்கிறது! எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது கிழக்கே நடக்கும் காட்சி இது. பௌர்ணமியன்று போனால் அதே திசையில் முழுநிலவும் எழும்.

நீரில் சூரியன் மறைவதுதான் வேண்டும் என்றால், வில்லியனூர்ப் பக்கத்து ஊசுடு ஏரிக்கோ பாகூர் ஏரிக்கோ செல்லுங்கள். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் போதும்.

சூரியன் எழும் இடம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நம் ஊரில் ஜூன் 21 வாக்கில் நேர்க்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கேயும், டிசம்பர் 22 வாக்கில் 24 பாகை தெற்கேயும் எழுகிறது. படகையும் சூரியனையும் ஒரே படத்தில் சேர்க்க நினைப்பவர், முதல்நாளே ஒரு திசைகாட்டியுடன் போய் இடம் பார்த்து வருவது நல்லது.

இருபத்தொரு நிமிடம்

மேலை நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு நம் கடற்கரைக்குச் செல்பவர்கள் ஏமாறுவது ஒரு விஷயத்தில். நாம் இருப்பது ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுகிறது. சூரியன் தொடுவானுக்கு 6 பாகை கீழே இருக்கும் நேரத்திலிருந்து அதன் விளிம்பு தெரியும் நேரம் வரை, மார்ச், செப்டம்பர் மாதங்களில் நமக்கு 21 நிமிடமே கிடைக்கிறது. லண்டனில் அது 33 நிமிடம்.

இந்த 21 நிமிடத்தில் தரையில் விழும் ஒளி நூறு மடங்குக்கு மேல் பெருகுகிறது. அதாவது சராசரியாக 3 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. மாலையில் இதே வேகத்தில் பாதி பாதியாகக் குறைகிறது. நெடுநேரப் படங்கள் பாழாவதற்கு முதல் காரணம் இதுவே. ஒளிமானி காட்டுவது இந்தக் கணத்தின் ஒளியை. ஷட்டரோ இனி வரும் ஒளியையும் சேர்த்து வாங்குகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். சூரியன் மறைந்த பின் ஒளியை அளந்து, 4 நிமிடம் திறந்தால் போதும் என்று கண்டுபிடிக்கிறீர்கள். ஒளி 3 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியானால் என்ன ஆகும்? முதல் 3 நிமிடத்தில் உங்களுக்குச் சேர்வது, ஆரம்ப ஒளியில் 2.16 நிமிடத்துக்கு உரியது. அடுத்த மூன்றில் 1.08. அதற்கடுத்த மூன்றில் 0.54. ஒன்பது நிமிடம் ஆகியும் 4 வரவில்லை! ஏறத்தாழ 11 நிமிடம் காத்திருந்தால்தான் 4 கிடைக்கும். இரவு முழுவதும் திறந்து வைத்தாலும் இந்தக் கணக்கின்படி 4.33-ஐத் தாண்டாது. வகுப்பில் நீங்கள் படித்த பெருக்குத் தொடர் கடற்கரையில் வந்து நிற்கிறது பாருங்கள்.

எனவே மாலையில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட லென்ஸின் துளையைப் பெரிதாக்குவதே அறிவுடைமை. காலையில் இதற்கு நேர்மாறு: அதே 4 நிமிடத்தில் 6 நிமிடத்துக்கு மேற்பட்ட ஒளி நுழைந்து வானம் வெளுத்துவிடும். ஆகையால் காலையில் நேரத்தைக் குறையுங்கள்.

சூரியன் படத்துக்குள் வந்த பிறகு இன்னொரு தடை உண்டு. சூரியன் வானில் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்கிறது. அதன் குறுக்களவு அரைப் பாகை. ஆகவே 2 நிமிடத்தில் தன் அளவு தூரம் நகர்ந்துவிடுகிறது. இரண்டு நிமிடப் படத்தில் சூரியன் வட்டமாக இராது. நீண்ட கொழுக்கட்டையாகத்தான் இருக்கும்.

அலையை எண்ணுங்கள்

இப்போது கடலுக்கு வருவோம். ஷட்டர் நேரத்தை எதைக் கொண்டு முடிவு செய்வது? அலையைக் கொண்டுதான்.

கரையில் ஒரு கல்லையோ ஊன்றிய கழியையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். பத்து அலைகள் அதை வந்து அடைய எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பார்த்துப் பத்தால் வகுங்கள். 80 விநாடி ஆனால் அலையின் காலம் 8 விநாடி. இந்த ஒரே எண்ணிலிருந்து ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் சுமார் 100 மீட்டர் என்றும் கணக்கிட்டுவிடலாம். கரையில் நின்றபடியே கடலை அளந்தாயிற்று!

காலம் 8 விநாடியாக இருக்கும்போது, 500-இல் ஒரு பங்கு விநாடி திறந்தால் ஒவ்வொரு துளியும் உறைந்து நிற்கும். ஆனால் நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியாது. 1 விநாடி திறந்தால், கரையேறித் திரும்பும் நீரின் நுரை வெள்ளைக் கோடுகளாக நீளும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நுரை 1 மீட்டர் நீளக் கோடு போடும். கோட்டின் நீளத்தைக் கொண்டே வேகத்தைச் சொல்லலாம். 8 விநாடிக்கு மேல் போனால் ஏற்றமும் இறக்கமும் கலந்து சராசரி ஆகின்றன. 2 நிமிடத்தில் 15 அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பனிமூட்டம் மட்டுமே மிஞ்சுகிறது.

என் அனுபவத்தில் சிறந்த படங்கள், அலைக் காலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடையே கிடைக்கின்றன. 8 விநாடி அலைக்கு அது 0.8 முதல் 2 விநாடி வரை. அலை உடைந்த கணத்தில் திறக்காதீர்கள். ஏறிய நீர் திரும்பத் தொடங்கும்போது திறவுங்கள். கடலின் ஓட்டமும் தெரியும். சற்று நின்று பேசும் மனிதரும் தெரிவார்.

இரண்டு விநாடிக்கு ஒளியை எப்படிக் குறைப்பது? எஃப் 11 துளையில், ஐ.எஸ்.ஓ. 100-இல், ஒளிமானி 15-இல் ஒரு பங்கு விநாடி காட்டுகிறது என்று கொள்வோம். 2 விநாடி வேண்டுமானால் நேரத்தை 30 மடங்கு ஆக்க வேண்டும். ஒளியை ஐந்து முறை பாதியாக்கினால் 32-இல் ஒரு பங்கு. ஆகவே ஐந்து படி குறைக்கும் கறுப்பு பில்டர் போதும். கடைக்காரர் புகழும் பத்துப்படி பில்டரைப் போட்டால் அதே ஒளியில் 68 விநாடி ஆகிவிடும். அலை தாண்டிப் போய்விட்டது! துளையை எஃப் 22 வரை சுருக்கிப் பில்டரை மிச்சம் பிடிக்கவும் நினைக்காதீர்கள். சிறு துளையில் ஒளி விளிம்பு வளைந்து படம் முழுவதும் மங்கும்.

பில்டர் வாங்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டாம். தொலைபேசியை அசையாமல் நிறுத்தி, இடைவிடாமல் 30 படங்கள் எடுத்து, கணினியில் சராசரி எடுங்கள். நெடுநேரப் படம் தருவதைப் போன்ற ஓட்டம் அதில் கிடைக்கும். புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சலும் 30-இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மடங்கு, குறையும். படங்களுக்கு இடையே இடைவெளி இருந்தால் நுரைக் கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும். அது ஒன்றுதான் குறை. இந்த முறையை நான் விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு. சேர்த்த படமும் இருக்கிறது. தனித்தனிப் படங்களும் இருக்கின்றன. யாரை மறைத்தோம் என்று எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம்.

"கலைக்குக் கணக்கு எதற்கு?"

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். "படம் எடுப்பது கலை, கடலைப் பாலாகக் காட்டுவது எங்கள் உரிமை, பௌதிக ஆசிரியருக்கு இங்கே என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

உங்கள் உரிமையை நான் மறுக்கவில்லை. கலையின் பெயரால் சேர்த்தும் கழித்தும் படம் செய்வது பழைய வழக்கமே. 1856, 1857-ஆம் ஆண்டுகளில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் புகழ்பெற்ற கடற்படங்கள் எடுத்தார். வானத்துக்கும் கடலுக்கும் ஒரே ஒளியளவு ஒத்துவரவில்லை. ஆகவே சில படங்களில் வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் என எடுத்துத் தொடுவானில் ஒட்டினார். அவற்றின் அழகை இன்றும் யாரும் மறுப்பதில்லை.

ஆனால் நம் கரையின் படத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. நம் கரையோரமாக மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. நகரத்தின் மணற்கரை போய்ப் பாறாங்கற்கள் வந்தன. 2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை அமைத்த பின் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. மணல் இருந்த இடம், போன இடம், திரும்பிய இடம் எல்லாவற்றுக்கும் பழைய படங்கள் சாட்சி. அவை பனிமூட்டப் படங்களாக இருந்தால் அலை எங்கே உடைந்தது, கரை எங்கே முடிந்தது என்று யார் சொல்வது?

ஆகையால் நான் கேட்பது மிகச் சிறிய ஒன்று. எத்தனை விநாடி திறந்தீர்கள் என்று படத்தின் கீழே எழுதுங்கள். நாள், மணி, இடம், பார்த்த திசை, அலைக் காலம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. ஆய்வுக்கூடத்தில் அளவுகளை எழுதாமல் வரைபடம் மட்டும் கொடுத்தால் ஆசிரியர் ஏற்பாரா? பள்ளிக் கண்காட்சிகளில் இதை ஒரு விதியாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. "120 விநாடி" என்று எழுதியிருந்தால், பார்ப்பவர் அங்கே ஆட்கள் இருந்திருக்கலாம் என்று ஊகித்துக்கொள்வார். எழுதாமல் விட்டால், அது ஆளில்லாக் கரை என்று நம்பிவிடுவார். முன்னது கலை, பின்னது பொய்.

புறப்படும் முன்

சில எச்சரிக்கைகள். முக்காலியின் கால்களை மணலில் அழுத்தி ஊன்றுங்கள். ஈர மணலில் ஒவ்வோர் அலைக்கும் அது சிறிது அமிழும். லென்ஸின்மீது படியும் உப்புத் துளிகளை ஒவ்வொரு படத்துக்கும் முன் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். எழுந்துவிட்ட சூரியனைக் காமிராவின் கண்ணாடி வழியே ஒருபோதும் உற்றுப் பார்க்காதீர்கள். கண் நிரந்தரமாகக் கெடும். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். தனியே போகாதீர்கள். படகு தள்ளும் வழியில் முக்காலியை வைக்காதீர்கள். அவர்களுக்கு அது வேலை நேரம்.

முதல் ஒரு மணி நேரத்தில் படமே எடுக்காமல் அலையை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பினாலும் நஷ்டமில்லை. அந்த எண் உங்கள் குறிப்பேட்டில் இருக்கும்.

அந்தக் கண்காட்சி மாணவரைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரிசு பெற்றவரும் அவருமாக மறுவாரமே அதே கரைக்குப் போனார்கள். அலைக் காலம் 9 விநாடி என்று அளந்து, ஒன்றரை விநாடி திறந்து ஒரு படம் எடுத்து வந்தார்கள். நுரை கோடு கோடாகத் திரும்புகிறது. வானம் அதே செம்பொன். படகைச் சுற்றி ஆறு பேர்; தள்ளுபவர்களின் கால்கள் கலங்கியிருக்கின்றன, ஊன்றிய தோள்கள் தெளிவாக இருக்கின்றன. அந்தப் படத்துக்குப் பரிசு கொடுக்கப் போட்டி எதுவும் அப்போது இல்லை. அது என் அறைச் சுவரில் இருக்கிறது; கீழே "1.5 விநாடி" என்று எழுதியிருக்கிறது.